கொரோனாக் கால விவசாய நிவாரணம்: அயோவாவின் பன்றிக் கொட்டகைகளிலிருந்து ஒரு மதிப்பீடு

2020 மே 26 அன்று அமெரிக்க வேளாண் துறை, கொரோனா நிவாரணத்துக்காக விவசாயிகளிடமிருந்து விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கியது. கணினியில் அதற்கென்று ஒரு கணக்குத்தாள், அதை நிரப்பி அச்சிட்டால் ஏடி-3114 என்னும் படிவம், படிவத்தின் அடியில் ஒரு கையொப்பம்: இவ்வளவுதான் அந்தச் சேவையின் வாசல். பண்ணைகளின் வரவு செலவுக் கணக்கை எழுதித் தருவது என் தொழில். அயோவா மாநிலத்தின் வடமேற்கில் மூன்று நான்கு கவுண்டிகளில் (நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள்) எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. சொந்தமாக ஒரு பன்றியோ ஓர் ஏக்கரோ கிடையாது. ஆகவே நிவாரணத்தில் எனக்கு ஒரு காசும் வரவில்லை; அதைப் பெற்றவர்களின் தாள்கள் மட்டும் என் மேசையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தன. ஒரு வங்கியையோ காப்பீட்டையோ எடைபோடுவதைப் போலவே இந்தத் திட்டத்தையும் அந்தத் தாள்களைக் கொண்டு எடைபோட விரும்புகிறேன். தேவைப்பட்டவருக்குக் கொடுத்ததா, நேரத்தில் கொடுத்ததா, அளந்து கொடுத்ததா என்பவையே என் கேள்விகள். நேரத்துக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவேன். அளவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூ கவுண்டியை நடுவில் வைத்துப் பேசுவது வசதியாக இருக்கும். 99 கவுண்டிகள் கொண்ட அயோவாவின் வடமேற்கு மூலையில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டி அது இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 36,000-க்குச் சற்றுக் குறைவு. பன்றிகளின் தொகையோ பத்து லட்சத்துக்கும் மேல். மாடு கொழுக்க வைக்கும் பட்டிகள், பால்பண்ணைகள், பெரிய முட்டைப் பண்ணைகள், இவற்றுக்கெல்லாம் தீவனம் தரும் மக்காச்சோளம், சோயா என்று ஒரே கவுண்டிக்குள் மாநிலத்தின் வேளாண்மை முழுவதையும் பார்த்துவிடலாம். கவுண்டியின் தலைநகரான ஆரஞ்சு சிட்டி டச்சுக் குடியேறிகள் அமைத்த ஊர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே நடக்கும் துலிப் திருவிழா 2020-இல் நடக்கவில்லை. பூக்கள் மட்டும் வழக்கம்போல் பூத்தன.

பன்றி வளர்ப்பு கடிகாரம் வைத்து ஓடும் தொழில். பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் 280 பவுண்டு எடை வந்ததும் பன்றிகள் லாரி ஏற வேண்டும், கொட்டகையைக் கழுவி உலர்த்த வேண்டும், அடுத்த தொகுதிக் குட்டிகள் வந்து இறங்க வேண்டும். அந்தக் குட்டிகளைச் சுமந்த தாய்ப்பன்றிகள் பல மாதங்களுக்கு முன்பே சினையாகிவிட்டிருக்கும் என்பதால் இந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. 2020 ஏப்ரல் 12 அன்று, எல்லைக்கு அப்பால் தெற்கு டகோட்டாவில் உள்ள சூ ஃபால்ஸ் நகரின் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சி ஆலை காலவரையின்றி மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் பன்றி இறைச்சியில் நான்கு, ஐந்து சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 20-இல் மினசோட்டாவின் வொர்திங்டனில் ஜேபிஎஸ் ஆலையும், 22-இல் அயோவாவின் வாட்டர்லூவில் டைசன் ஆலையும் மூடின. ஆலைகளுக்குள் தொற்று பரவியதே காரணம். சூ ஃபால்ஸ் ஆலையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நோயுற்றனர், நால்வர் இறந்தனர். ஏப்ரல் 28-இல் ஆலைகளைத் திறந்து வைக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோதும், ஆள் குறைந்த ஆலைகள் பாதி வேகத்தில்தான் ஓடின. எடை ஏறிக்கொண்டே போன பன்றிகளுக்குத் தீவனத்தின் தன்மையை மாற்றி வளர்ச்சியை மெதுவாக்கினார்கள். அதுவும் போதாத இடங்களில் நல்ல பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

இந்தப் பின்னணியில் வந்ததுதான் கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். இங்கே எல்லோரும் அதை அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'சீஃபேப்' என்றே சொல்வார்கள். வேளாண் செயலராக இருந்த சானி பெர்டூ 2020 ஏப்ரல் 17-இல் அறிவித்த 1,900 கோடி டாலரில் 300 கோடி, உணவுப் பொருள்களை வாங்கித் தேவைப்பட்டோருக்குப் பெட்டிகளில் கொடுப்பதற்கு. 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக. இந்த 1,600 கோடி ஒரே பானையிலிருந்து வந்ததன்று. 950 கோடி, மார்ச் 27-இல் கையெழுத்தான கேர்ஸ் என்னும் கொரோனா நிவாரணச் சட்டத்திலிருந்து; எஞ்சிய 650 கோடி, வேளாண் துறையின் கீழ் 1933 முதல் இயங்கிவரும் சரக்குக் கடன் கழகத்தின் நிதியிலிருந்து. வாடிக்கையாளருக்கு இந்த விவரம் தேவையில்லாதது போலத் தோன்றும். கீழே வரும் குறைகளில் பாதி, பணம் இரண்டு பானைகளில் இருந்ததால் வந்தவை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் எளிது. எவ்வளவு விற்றோம், எவ்வளவு கையிருப்பு என்பதை விவசாயியே எழுதிக் கையொப்பமிட்டால் போதும். ரசீது இணைக்க வேண்டியதில்லை, மூன்று ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும். வேளாண் துறையின் கிளையான பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகங்கள் கதவைச் சாத்தியிருந்தன, ஆனால் தொலைபேசியில் நேரம் ஒதுக்கிப் பேசினார்கள். முகமையோடு ஏற்கெனவே தொடர்பு வைத்திருந்த குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, நிலப் பாதுகாப்பு உறுதிமொழி எல்லாம் கோப்பிலேயே இருந்ததால் ஒரு மாலையில் வேலை முடிந்தது. புதியவர்களுக்கு இன்னும் நான்கைந்து படிவங்கள் கூடுதல். கூட்டுப் பண்ணை என்றால் ஒவ்வோர் உறுப்பினரின் கையொப்பமும் வேண்டும். விண்ணப்பத்தை ஏற்பதா இல்லையா என்பது, அந்தக் கவுண்டியின் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழுவின் பொறுப்பில் இருந்தது. பக்கத்துப் பண்ணையில் எத்தனை பன்றி நிற்கும் என்று ஓரளவு தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்ததால், கையொப்பத்தை மட்டும் நம்பும் முறைக்கு ஒரு கடிவாளமும் இருந்தது.

பணம் வந்த வேகமும் பாராட்டத்தக்கது. விண்ணப்பம் தொடங்கி ஏழெட்டு நாளில் நாடு முழுவதும் 50 கோடி டாலருக்கும் மேல் பட்டுவாடா ஆகியிருந்தது. நிதி தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக முதலில் கணக்கிட்ட தொகையில் 80 சதவீதம் மட்டும் கொடுத்தார்கள்; எஞ்சிய 20 சதவீதம் தானாகவே வந்து சேரும் என்று ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 28 என்றிருந்த கடைசி நாளையும் செப்டம்பர் 11 வரை நீட்டினார்கள். அரசுத் திட்டம் ஒன்றில் மீதித் தொகைக்காக இரண்டாவது முறை வரிசையில் நிற்க வேண்டியிராதது எனக்கே வியப்பாக இருந்தது.

இனி அளவு. முதல் சுற்றில் கால்நடைக்கான கணக்கு இரண்டு பகுதிகளாக இருந்தது. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்றவற்றுக்குக் கேர்ஸ் சட்டத்தின் பணம். ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான நாள்களில், விவசாயி தேர்ந்தெடுக்கும் ஒரு நாளின் அதிகபட்சக் கையிருப்புக்குச் சரக்குக் கடன் கழகத்தின் பணம். விற்ற பன்றி 120 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் தலைக்கு 18 டாலர், அதற்குக் கீழே என்றால் 28. கையிருப்பில் இருந்த பன்றிக்கு, எந்த எடையானாலும் 17. சிறிய பன்றிக்குக் கூடுதலாகவும் பெரிய பன்றிக்குக் குறைவாகவும் ஏன் என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. இளங்குட்டிச் சந்தையில் விலை விழுந்த விதம் வேறு என்பதே பதில். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, ஒரு முறை இரண்டு எடைப் பிரிவுகளையும் மாற்றி எழுதி, அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் திருத்தினேன்.

ஓர் எடுத்துக்காட்டாக, அந்த மூன்று மாதத்தில் கொழுத்த பன்றிகள் 2,400 விற்று, பிறகு 3,000 பன்றிகளைக் கையிருப்பில் வைத்திருந்த பண்ணையை எடுத்துக்கொள்வோம். விற்றதற்கு 43,200 டாலர், கையிருப்புக்கு 51,000 டாலர், ஆக 94,200. முதல் தவணையில் 75,360 வந்திருக்கும். கடனில் ஓடும் ஒரு குடும்பப் பண்ணைக்கு இது தீவனக் கடைக்காரரைச் சமாளிக்கப் போதுமான தொகை. பன்றிகளைப் பொறுத்தவரை இரண்டு பகுதிகளுக்கும் இடையே பெரிய பள்ளம் இல்லை என்பதால் குறை சொல்பவரும் மெதுவாகவே சொன்னார்கள்.

மாட்டில்தான் பள்ளம் வெளிப்பட்டது. இறைச்சிக்குத் தயாரான கொழுத்த மாட்டை ஏப்ரல் 15-க்குள் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். அதே மாடு மறுநாள் பட்டியில் நின்றிருந்தால் 33 டாலர். சற்றே நிறுத்தி இதை யோசிக்க வேண்டும். மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விற்றவர் விழுந்த விலைக்கு விற்றார் என்பது உண்மை. ஆனால் விற்றார், ஆலை வாங்கிக்கொண்டது. விற்க முடியாமல் நின்றவருக்கு விலையும் விழுந்திருந்தது, வாங்க ஆளும் இல்லை, தினமும் தீவனச் செலவு வேறு. 400 மாடுகளை ஏப்ரல் 10-இல் லாரி ஏற்றியவர் 85,600 டாலர் பெறுவார்; ஆலை வரவைத் தள்ளிப்போட்டதால் அதே 400 மாடுகளோடு 16-ஆம் தேதி விடிந்தவர் 13,200 பெறுவார். இருவருக்கும் நடுவே ஒரு வேலி மட்டும் இருக்கும் இடங்கள் இந்தக் கவுண்டியில் உண்டு. ஏப்ரல் 15 என்ற தேதி ஆலைகளில் நடந்தவற்றிலிருந்து வந்ததன்று. ஒரு சட்டத்தின் பணம் எங்கே முடிகிறது, ஒரு கழகத்தின் பணம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் கோடு அது. இந்தப் பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குப் பிறகு. அதாவது நட்டம் எந்த வாரத்தில் உச்சத்தைத் தொட்டதோ அந்த வாரத்துக்கு மிகக் குறைந்த விகிதம் கொடுக்கப்பட்டது. ஒரு கடையாக இருந்தால், எடைக்கல் மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் கணக்கு வேறு விதம். 2019 விளைச்சலில் பாதி, ஜனவரி 15 அன்று விற்காமல் இருந்த கையிருப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பணம். மக்காச்சோளத்துக்கு இரண்டு பானைகளின் விகிதங்களும் சேர்ந்து புஷலுக்கு 33.5 சென்ட் கிடைத்தது. ஒரு புஷல் என்பது 56 பவுண்டு, ஏறத்தாழ 25 கிலோ. ஒரு லட்சம் புஷல் விளைந்து, 40,000 புஷல் குதிரில் இருந்தால் 13,400 டாலர். அறுவடையிலேயே விற்றவருக்கும், விலையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் உறுதிசெய்துகொண்டவருக்கும் ஒன்றுமில்லை. விலை விழுந்தபோது அவர்களுக்கு இழப்பில்லை என்பதால் இது நியாயமே. எச்சரிக்கையாக நடந்தவனுக்குத் தண்டனையா என்று கசந்துகொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முட்டைக்கு முதல் பட்டியலில் இடமே இல்லை. மார்ச்சில் மக்கள் கடைகளில் முட்டைகளை அள்ளியபோது ஓட்டோடு விற்கும் முட்டையின் விலை ஏறியிருந்தது. உணவகங்களையும் விடுதிகளையும் நம்பி உடைத்த முட்டை விற்றவர்களின் நிலை நேர்மாறாக இருந்ததால், ஆகஸ்ட்டில் திரவ முட்டையையும் உறைந்த முட்டையையும் சேர்த்தார்கள்.

உச்சவரம்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர். நிறுவனமாகப் பதிந்த பண்ணையில் மூன்று பேர் வரை தலா 400 மணி நேர உழைப்போ மேலாண்மையோ செலுத்தியிருந்தால் ஏழரை லட்சம் வரை போகலாம். மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் உள்ளவருக்குக் கிடையாது, ஆனால் அதில் 75 சதவீதம் பண்ணையிலிருந்தே வந்தால் உண்டு. இந்த 400 மணி நேரம் என்ற நிபந்தனையை நிரூபிப்பது எளிதன்று, பொய்ப்பிப்பதும் எளிதன்று. அதுவரை கணக்குப் புத்தகத்தையே திறந்து பாராத சில சகோதரர்களும் மைத்துனர்களும் அந்தக் கோடையில் திடீரென்று மேலாளர்களானதை நான் பார்த்தேன். சட்டப்படி தவறென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, புன்னகைக்கத் தடையில்லை.

இரண்டாம் சுற்று 2020 செப்டம்பர் 17-இல் விஸ்கான்சினின் மோசினியில் நடந்த தேர்தல் பிரசாரக் கூட்டமொன்றில் அறிவிக்கப்பட்டது. 1,400 கோடி டாலர் வரை. அறிவித்த இடமும் நேரமும் எதைச் சொல்கின்றன என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். சேவை என்ற அளவில் இது முதல் சுற்றைவிடத் தெளிவாக இருந்தது. ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை எந்த நாளையாவது தேர்ந்துகொண்டு, இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை நீங்கலாக, பன்றிக்கு 23 டாலர், மாட்டுக்கு 55 டாலர். தானியத்துக்குக் குதிரில் இருந்ததைப் பார்க்காமல் விதைத்த ஏக்கரைப் பார்த்தார்கள்; காய்கறி போன்றவற்றுக்கு 2019 விற்பனையில் ஏறத்தாழ பத்து சதவீதம். செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரை விண்ணப்பிக்கலாம். எங்கள் மேசையில் ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஆனால் விதைத்த ஏக்கருக்குக் கொடுத்த பணம் பலருடைய கையில் சேர்ந்தபோது மக்காச்சோளத்தின் விலை மீண்டெழுந்துவிட்டது. தீ அணைந்த பிறகும் தண்ணீர் வண்டி நின்றுகொண்டிருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. அந்தத் தண்ணீரை வேண்டாமென்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. 2018, 2019-இல் சீனாவோடு நடந்த வணிகப் பூசலுக்காகக் கிடைத்த பணத்தின் பழக்கமும் இதில் சேர்ந்திருந்தது. 2020-இல் அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த மொத்தத் தொகை 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை கண்டிராத அளவு. சீஃபேப்பின் இரு சுற்றுகளிலும் மாநிலங்களிலேயே அதிகம் பெற்றது அயோவா.

இந்தச் சேவை யாரைத் திருப்பி அனுப்பியது என்பதுதான் என் மதிப்பெண்ணைக் குறைக்கும் அடுத்த காரணம். இங்குள்ள பன்றிக் கொட்டகைகள் பலவற்றில் பன்றி ஒருவருடையது, கொட்டகை இன்னொருவருடையது. குட்டியும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொண்டுவரும். கொட்டகைக் கடனும் உழைப்பும் சாணக்குழியும் விவசாயியின் பங்கு. பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்கள் வளர்ப்புக்கூலி என்று சொல்வதைத்தான் இவர்களும் வாங்குகிறார்கள். பன்றியின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்கு இழப்பில்லை என்ற வாதத்தால் முதல் இரண்டு சுற்றுகளிலும் அவர்கள் விலக்கப்பட்டார்கள். விலையை மட்டும் பார்த்தால் வாதம் சரி. ஆனால் ஆலை மூடி, நிறுவனம் அடுத்த தொகுதிக் குட்டிகளை அனுப்பாமல் நிறுத்தியபோது, வெற்றுக் கொட்டகைக்கு யார் கூலி கொடுத்தார்கள்? வங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. தன் பெயரில் 2,400 பன்றிகள் நிற்கும் கொட்டகையை வைத்திருந்தும் ஏடி-3114-இல் எழுத ஓர் எண்ணும் இல்லாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அவர்களிடம் ஒரு பன்றியும் இல்லை என்று விளக்குவது அந்த ஆண்டின் கடினமான வேலையாக இருந்தது.

2020 டிசம்பர் 27-இல் கையெழுத்தான சட்டம் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கு 100 கோடி டாலர் வரை. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வருமானம் குறைந்த அளவில் 80 சதவீதம் வரை. ஆனால் ஜனவரியில் ஆட்சி மாறியதும், நிலுவையிலிருந்த எல்லா விதிகளோடும் இதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. மார்ச் 24-இல், புதிய வேளாண் செயலராக வந்த டாம் வில்சாக் தலைமையில் புதிய பெயரோடு திரும்பி வந்தது, ஏப்ரல் 5-இல் விண்ணப்பம் மீண்டும் திறந்தது, ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கான கடைசி நாள் 2021 அக்டோபர் 12 வரை நீண்டது. முதல் சுற்றின் ஏழு நாள் வேகத்தோடு இதை ஒப்பிட்டால், பன்றிக்குச் சொந்தக்காரர் கோடையில் குடித்த தண்ணீர் கொட்டகைக்குச் சொந்தக்காரருக்கு அடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் வந்தது என்று சொல்ல வேண்டும். நேரத்துக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணில் இதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன்.

அதே சட்டம் மாட்டுப் பள்ளத்தையும் ஓரளவு நிரப்பியது. 2020 ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பில் இருந்த கொழுத்த மாட்டுக்குத் தலைக்கு 63 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு யாரும் விண்ணப்பிக்கவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன 400 மாட்டுக்காரருக்கு 25,200 டாலர் சேரும். இரண்டாம் சுற்றின் 22,000-ஐயும் கூட்டினால் அவருடைய மொத்தம் 60,400. வேலிக்கு அப்பால் இருந்தவரின் 85,600-ஐ அது எட்டவில்லை. போதாததற்கு, முன்பே விற்ற அந்த அண்டைக்காரர் காலியான பட்டியில் புதிய கன்றுகளை ஏற்றியிருந்தால் அவற்றுக்கும் தனியே பெற்றிருப்பார். கொன்று புதைக்க நேர்ந்த விலங்குகளுக்கான திட்டம் 2021 ஜூலையில்தான் வந்தது. சந்தை விலையில் 80 சதவீதம். அந்தக் குழிகளின் மேல் அதற்குள் ஓர் ஆண்டுப் புல் வளர்ந்துவிட்டது.

நாடு தழுவிய பங்கீடு பற்றி ஒரு செய்தியை விட்டுவிட முடியாது. இரு சுற்றுகளிலும் அதுவரை கொடுத்த ஏறத்தாழ 2,600 கோடி டாலரில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 2 கோடியே 8 லட்சம், அதாவது 0.1 சதவீதம் என்று வில்சாக்கே 2021 மார்ச்சில் சொன்னார். விற்பனையையும் கையிருப்பையும் அளந்து கொடுக்கும் எந்தத் திட்டமும், யாரிடம் நிலமும் மந்தையும் ஏற்கெனவே இருக்கின்றனவோ அவர்களிடமே போகும். அதைச் சரிசெய்யக் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை விவசாயிகளுக்காக அந்த மாதமே இயற்றப்பட்ட கடன் தள்ளுபடி, வெள்ளையின விவசாயிகள் தொடுத்த வழக்குகளால் ஜூனில் நீதிமன்றங்களில் முடங்கியது, 2022-இல் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஆலையில் வேலை செய்தவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வரி: பன்றிக்குத் தலைக்கு 17 டாலர் கிடைத்த அந்த மே மாதத்தில், அந்தப் பன்றியை அறுத்தவருக்கு இந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. பண்ணை, உணவுத் தொழிலாளர்களுக்கான 600 டாலர் உதவிக்கு 2022-இன் பிற்பகுதியில்தான் அமைப்புகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

கையொப்பத்தை நம்பிக் கொடுத்ததைப் பற்றி, நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது; கொடுத்த பணத்தை வேளாண் துறை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். அதே நேரத்தில், முன்கூட்டியே ரசீது கேட்டிருந்தால் ஜூன் மாதத்தில் ஒரு டாலரும் நகர்ந்திருக்காது என்பதையும் என் மேசை அறியும். எங்கள் பகுதிக் கொட்டகைகளில் பன்றிக் கணக்கு பெரும்பாலும் வாயிற்கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் பென்சிலால் எழுதப்படுவது. இறந்த பன்றிக்கு ஒரு கோடு, லாரி ஏறிய நாளுக்கு ஒரு வட்டம். அந்த அட்டைகளைப் படமெடுத்துக் கோப்பில் வைக்கும்படி எல்லோரிடமும் சொன்னேன், முக்கால்வாசிப் பேர் வைத்தார்கள்.

கடைசியாக வந்த திட்டமே இந்தச் சேவையின் குணத்தை எனக்கு முழுமையாகக் காட்டியது. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அன்றைய பேரத்தில் பன்றி விற்ற சிறிய பண்ணைகளுக்கென்று 2021 டிசம்பரில் அதைத் தொடங்கினார்கள்: தலைக்கு 54 டாலர், 10,000 பன்றிகள் வரை. எந்த நாள்களில் விற்றவற்றுக்கு என்று பார்த்தேன். 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை. முதல் திட்டம் எந்த நாளில் விற்பனைக் கணக்கை மூடியதோ, அதற்கு மறுநாளிலிருந்து. என் வாடிக்கையாளர்களில் அதற்குத் தகுதியானவர் ஒருவரே இருந்தார். அந்த வசந்தகாலத்தில் கிடைத்த விலைக்கு 310 பன்றிகளை விற்றவர். படிவம் ஒரே பக்கம், அலுவலகத்தில் பேசியவர் பொறுமையாக விளக்கினார், 2022-இல் 16,740 டாலர் முழுவதுமாக வந்தது. அந்தப் பணம் வந்த நாளில் அவரிடம் பன்றிகள் இல்லை. கொட்டகையை முந்தைய ஆண்டே ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.